படகில் மின்சாரம்: 1838 முதல் வைக்கம் வரை

பேட்டரியில் ஓடும் ஆட்டோவும் ஸ்கூட்டரும் நம் ஊர்த் தெருக்களில் சாதாரணமாகிவிட்டன. சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நின்று நம்மைத் திடுக்கிட வைக்கின்றன. அடுத்தது படகுதான் என்று செய்தித்தாள்களில் படிக்கிறோம். டீசல் எஞ்சினைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மோட்டாரும் பேட்டரியும் வைப்பது ஏதோ இன்றைக்குக் கண்டுபிடித்த வித்தை என்று பலர் நினைக்கிறார்கள். மின்சாரத்தில் ஓடிய படகு பெட்ரோல் கார் வருவதற்கு ஏறக்குறைய 50 ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. வந்தது, கொஞ்ச காலம் கொடிகட்டிப் பறந்தது, பிறகு காணாமல் போனது. இப்போது திரும்பி வருகிறது. ஏன் போனது என்று தெரிந்தால்தான், இந்த முறை நிலைக்குமா என்று சொல்ல முடியும்.

எனக்குக் கடல் தொழில் தெரியாது. ஆனால் மின்வாரியத்தில் துணைமின் நிலையங்களில் காலம் கழித்தவன். ஒவ்வொரு துணைமின் நிலையத்திலும் பேட்டரி அறை என்று ஒன்று இருக்கும். மின்தடை வந்தாலும் பிரேக்கர்களும் ரிலேக்களும் வேலை செய்ய 110 வோல்ட் நேர்மின்சாரம் வேண்டும். அதற்காக 2 வோல்ட் ஈய அமில செல்கள் 55-ஐ வரிசையாக மர ஸ்டாண்டில் அடுக்கி வைத்திருப்போம். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது, ஹைட்ரோமீட்டரை விட்டு அடர்த்தி பார்ப்பது, அமிலம் தெறித்துச் சட்டையில் ஓட்டை விழுவது எல்லாம் அன்றாடம். ஒரு செல்லை இடம் மாற்ற வேண்டும் என்றால் ஆள் தேடுவோம். அந்த எடை கைக்குத் தெரியும். அதனால்தான் மின்சாரப் படகின் பழைய கதைகளைப் படிக்கும்போது, படகைவிட அதில் ஏற்றிய பேட்டரிதான் எனக்கு முதலில் கண்ணில் படுகிறது.

நேவா நதியில் முதல் படகு

மோரிட்ஸ் ஹெர்மன் ஜாக்கோபி ஜெர்மனியில் போட்ஸ்டாமில் 1801-ல் பிறந்தவர். பின்னாளில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் குடியேறினார். அவருடைய தம்பி கார்ல் ஜாக்கோபி பெரிய கணித மேதை. கல்லூரியில் கணிதம் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். அண்ணன் மின்மோட்டாரில் மூழ்கினார். சார் மன்னர் முதலாம் நிக்கோலஸ் பணம் கொடுத்தார். 1838-ல் நேவா நதியில் ஒரு துடுப்புப் படகில் மோட்டாரை வைத்து, பக்கவாட்டில் சக்கரங்கள் பொருத்தி, சுமார் 14 பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டிக் காட்டினார். படகின் நீளம் 28 அடி. அடுத்த ஆண்டு இன்னும் வலுவான கலங்களை வைத்து மறுபடியும் ஓட்டினார். வேகம் ஒரு மனிதன் நடக்கும் வேகம்தான்.

அந்தக் காலத்துப் பேட்டரி நாம் அறிந்த மாதிரி திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடியது அல்ல. துத்தநாகத் தகடு அமிலத்தில் கரைந்துதான் மின்சாரம் கிடைக்கும். தகடு தீர்ந்தால் புதிதாகப் போட வேண்டும். நீராவி எஞ்சின் நிலக்கரியைத் தின்றது என்றால், இது துத்தநாகத்தைத் தின்றது. நிலக்கரி எங்கே, துத்தநாகம் எங்கே? போதாக்குறைக்கு இரண்டாம் ஆண்டு பயன்படுத்திய கலங்களில் நைட்ரிக் அமிலம் இருந்தது. அதிலிருந்து கிளம்பும் செம்பழுப்புப் புகையை ஒருமுறை சுவாசித்தவர்கள் மறக்க மாட்டார்கள். படகு ஓடியது, ஆனால் அதற்கு ஆகும் செலவை யாராலும் தாங்க முடியவில்லை. விஷயம் அப்படியே ஏறக்குறைய 40 ஆண்டுகள் தூங்கியது.

பேட்டரி பிறந்தது, படகும் பிறந்தது

1859-ல் பிரான்சில் காஸ்டன் பிளாண்டே ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் வைத்து, திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய பேட்டரியைச் செய்தார். 1881-ல் கமில் ஃபோர் என்பவர் ஈய ஆக்சைடைப் பசை போலத் தகட்டில் பூசும் முறையைக் கண்டுபிடித்தார். நான் பணியில் பார்த்த பேட்டரிகளுக்கும் நம் காரில் இருக்கும் பேட்டரிக்கும் இவர்கள்தான் பாட்டனார்.

அதே 1881-ல் பாரிஸில் குஸ்தாவ் த்ரூவே என்ற கைதேர்ந்த கருவி வல்லுநர், சுமார் 5 கிலோ எடையுள்ள சின்ன மோட்டாரைப் படகின் சுக்கானிலேயே பொருத்தி சேன் நதியில் ஓட்டினார். மோட்டாரும் விசிறியும் சுக்கானும் ஒரே துண்டு. வேலை முடிந்ததும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். நம் கரையில் இன்று வள்ளங்களின் பின்னால் தொங்குகிற அவுட்போர்டு எஞ்சினுக்கு முன்னோடி இதுதான். முதல் அவுட்போர்டு மின்சாரத்தில் ஓடியது என்பதைப் பலரும் நம்ப மாட்டார்கள்.

அடுத்த ஆண்டு, 1882 செப்டம்பரில், லண்டன் தேம்ஸ் நதியில் 25 அடி நீளமுள்ள இரும்புப் படகு ஒன்று மில்வால் துறையிலிருந்து லண்டன் பாலம் வரை போய் வந்தது. அதன் பெயரே 'எலெக்ட்ரிசிட்டி'. வடிவமைத்தவர் ஆஸ்திரியாவில் பிறந்த அந்தோணி ரெக்கென்சாவுன். உள்ளே 45 செல்கள். 45 செல் என்றதும் எனக்கு எங்கள் பேட்டரி அறையின் பெரும்பகுதி கண்முன் வந்து நிற்கிறது. அத்தனையையும் இருக்கைகளுக்கு அடியில் அடுக்கி, அதற்கு மேல் மனிதர்களையும் உட்கார வைத்திருக்கிறார்கள். கனமான பொருள் அடியில் இருந்தால் படகு ஆடாது. பேட்டரியின் எடை அங்கே அடிபாரமாகவும் உதவியது.

1886-ல் ரெக்கென்சாவுன் இன்னும் துணிந்தார். 37 அடி நீளமுள்ள 'வோல்டா' என்ற படகில் இங்கிலாந்தின் டோவரிலிருந்து பிரான்சின் கலே துறைமுகத்துக்கு ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, அதே நாளில் திரும்பி வந்தார்கள். போக வர ஒரே சார்ஜ். அலை அடிக்கிற திறந்த கடலில், இன்றைக்கு 140 ஆண்டுகளுக்கு முன்பு இது நடந்தது. படகு அவ்வளவு ஓசையில்லாமல் போனதால், வழியில் தண்ணீரில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு கடற்பறவையைக் கையாலேயே பிடித்தார்கள் என்று அக்காலச் செய்திகள் சொல்கின்றன.

கரையில் சார்ஜ் இருந்தவரை

இதற்குப் பிறகு தேம்ஸில் மின்சாரப் படகுகளுக்கு நல்ல காலம். மோரிட்ஸ் இம்மிஷ் என்ற பொறியாளர் வாடகைக்கு விடும் படகுக் கூட்டமே வைத்திருந்தார். 1888-ல் அவர் விட்ட 'வைகவுண்டஸ் பரி' என்ற படகு 65 அடி நீளம், 70 பேருக்கு மேல் ஏறலாம். நீராவிப் படகு என்றால் கரியும் புகையும் கொதிகலனும் அதைக் கவனிக்க ஓர் ஆளும் வேண்டும். கொதிகலன் படகின் நடுவில் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மின்சாரப் படகில் அந்த இடத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிக்கொண்டு போகலாம். வெள்ளைத் துணி அணிந்த சீமாட்டிகளின் உடையில் கரி படாது. கேட்கவா வேண்டும்?

ஆனால் இம்மிஷின் சாமர்த்தியம் படகில் இல்லை, கரையில் இருந்தது. நதியில் ஆங்காங்கே மிதக்கும் சார்ஜ் நிலையங்களை நிறுத்தினார். ஒரு பெரிய தட்டைப் படகுக்குள் நீராவி எஞ்சினும் டைனமோவும் இருக்கும். வாடகைப் படகுகள் இரவில் அதன் பக்கத்தில் கட்டிக்கொண்டு சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். காலையில் புறப்படும். எங்கே கட்டலாம், எவ்வளவு தூரம் போகலாம் என்பது ஓட்டுபவருக்குத் தெரியும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் வருகிறேன்.

புகை ஒழிந்துவிடவில்லை, படகிலிருந்து அந்த மிதக்கும் நிலையத்துக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். நம் ஊரிலும் அதே கணக்குதான். 210 மெகாவாட் அலகுகள் ஐந்து கொண்ட அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டே வாழ்கிற நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கயத்தாறு பக்கம் சுற்றுகிற காற்றாலைகளும் இருக்கின்றன என்பது ஆறுதல்.

சிகாகோவின் 55 படகுகள்

1893-ல் அமெரிக்காவில் சிகாகோ உலகக் கண்காட்சி நடந்தது. விவேகானந்தர் பேசிய சர்வ சமயப் பேரவை அந்தக் கண்காட்சியை ஒட்டி நடந்ததுதான். கண்காட்சித் திடலுக்குள் குளங்களும் கால்வாய்களும் வெட்டி, அவற்றில் 36 அடி நீளமுள்ள மின்சாரப் படகுகள் 55 விட்டார்கள். அந்த ஒரு பருவத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கட்டணம் கொடுத்து அவற்றில் போயிருக்கிறார்கள். கண்காட்சி முடிந்ததும் அந்தப் படகுகள் விற்பனையாகின. பணக்காரர்கள் தங்கள் ஏரிக்கரை மாளிகைகளுக்கு அதே போல வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தார்கள். அந்த நிறுவனம் பின்னர் எல்கோ என்ற சுருக்கப் பெயரால் புகழ்பெற்றது.

அதன் பிற்காலக் கதை விசித்திரமானது. பேட்டரி வியாபாரத்தில் இருந்த ஐசக் ரைஸ் 1899-ல் 'எலெக்ட்ரிக் போட்' என்ற நிறுவனத்தை உருவாக்கினார். எல்கோவும் அதன் கீழ் வந்தது. அந்நிறுவனம் 'ஹாலண்ட்' என்ற நீர்மூழ்கிக் கப்பலை 1900-ல் அமெரிக்கக் கடற்படைக்கு விற்றது. தண்ணீருக்கு மேலே பெட்ரோல் எஞ்சின், தண்ணீருக்கு அடியில் பேட்டரி. காற்று இல்லாத இடத்தில் எஞ்சின் ஓடாது, மோட்டார் ஓடும். ஆக, உல்லாசப் படகுக்காக வளர்ந்த பேட்டரி அறிவு நீருக்கு அடியில் போய்விட்டது. எல்கோவோ மேலே தங்கி, பெட்ரோல் படகுகளுக்கு மாறியது. இரண்டாம் உலகப் போரில் ஜான் கென்னடி தலைமை தாங்கி, ஜப்பானியக் கப்பல் மோதி இரண்டாகப் பிளந்த பிடி-109 என்ற படகு எல்கோ கட்டியதுதான். ஓசையில்லாத படகு செய்து பெயர் வாங்கியவர்கள் கடைசியில் பெட்ரோலில் உறுமுகிற போர்ப்படகு செய்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெட்ரோல் எஞ்சின் சிறிதாகவும் மலிவாகவும் ஆகிவிட்டது. ஓலே எவின்ரூடு 1909-ல் பெட்ரோல் அவுட்போர்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஒரு டின் பெட்ரோல் எடுத்துக்கொண்டால் எந்தக் கரைக்கும் போகலாம். சார்ஜ் நிலையம் தேட வேண்டாம். இரவு முழுக்கக் காத்திருக்க வேண்டாம். மின்சாரப் படகுகள் ஒவ்வொன்றாக ஒதுங்கின.

ஒரு மனக்கணக்கு

ஏன் இப்படி ஆனது என்பதை ஒரு வள்ளத்தை வைத்துப் பார்ப்போம். எனக்குத் தெரிந்த வள்ளக்காரர் ஒருவர், "அண்ணாச்சி, எண்ணெய்ச் செலவைக் கழிச்சுட்டு மிச்சம்தான் பங்கு. கரண்டுக்கு மாத்தினா அது குறையுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டோம்.

10 குதிரைத்திறன் எஞ்சின் என்றால் சுமார் ஏழரை கிலோவாட். போக வர 5 மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் ஏறக்குறைய 37 யூனிட். வீட்டு மின்கட்டண அட்டையில் வருகிற அதே யூனிட்தான். ஒரு லிட்டர் டீசலுக்குள் சுமார் 10 யூனிட் வெப்பம் இருக்கிறது. அதில் எஞ்சின் 3 யூனிட் அளவுக்குத்தான் தண்டைச் சுழற்றும், மிச்சம் சூடாகவும் புகையாகவும் போய்விடும். அப்படியும் 12, 13 லிட்டர் டீசல் போதும். ஒரு கேனில் தூக்கிவிடலாம்.

அதே 37 யூனிட்டை எங்கள் பழைய ஈய பேட்டரியில் வைத்தால், யூனிட்டுக்கு 30 கிலோ என்று வைத்துக்கொண்டாலும் ஒரு டன்னைத் தாண்டும். பாதிக்கு மேல் வடித்தால் பேட்டரி சீக்கிரம் சாகும் என்பதால் உண்மையில் இரண்டு டன் வேண்டும். வள்ளம் பேட்டரியைத்தான் சுமக்கும், மீனைச் சுமக்காது. இன்றைய லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி என்றால் யூனிட்டுக்குச் சுமார் 10 கிலோ. 400 கிலோவுக்குள் முடிந்துவிடும். இரண்டு டன் 400 கிலோ ஆனதுதான் இந்த நூற்றாண்டில் நடந்த பெரிய மாற்றம். ஆனாலும் 400 கிலோ எங்கே, 13 லிட்டர் எங்கே? அதோடு, மீன் படாத நாளில் இன்னும் இரண்டு மணி நேரம் தள்ளிப் போய் வலை விடுவோம் என்று நினைத்தால், பேட்டரியில் இருப்பதுதான் இருக்கும். கடலில் கேன் மாற்ற முடியாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இப்படித் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் படகில் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால், தேவைப்படும் திறன் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். நேரம் இரட்டிப்பாகும் என்றாலும், அதே தூரத்துக்கு ஆகும் யூனிட் கால் பங்குதான். அதனால் மெதுவாக, குறைந்த தூரம், குறித்த இடத்துக்குப் போய்த் திரும்புகிற படகுக்கு மின்சாரம் கச்சிதமாகப் பொருந்தும். அவசரமாக, தூரமாக, எங்கே என்று தெரியாமல் போகிற படகுக்குப் பொருந்தாது. அந்த வள்ளக்காரருக்கு நான் சொன்னது, "இப்போதைக்குக் கடன் வாங்கி மாற்ற வேண்டாம்" என்பதுதான்.

வெளிநாடுகளில் பாய்ப்படகு வைத்திருப்பவர்கள் பழைய டீசல் எஞ்சினை எடுத்துவிட்டு மோட்டார் வைப்பது இப்போது அதிகமாகிவருகிறது. அது ஏன் பொருந்துகிறது என்பதும் இதே கணக்கில் விளங்கும். அவர்களுக்கு எஞ்சின் துறைக்குள் நுழையவும் வெளியேறவும் மட்டும்தான். மற்ற நேரம் காற்று இழுத்துப் போகும். எஞ்சினும் எண்ணெய்த் தொட்டியும் இருந்த இடத்தில் பேட்டரி உட்காரும். பெரும்பாலும் 48 வோல்ட்டில் நிறுத்திக்கொள்கிறார்கள், உப்புத் தண்ணீருக்குப் பக்கத்தில் அதிக மின்னழுத்தம் ஆபத்து. பாயில் போகும்போது தண்ணீர் விசிறியைச் சுற்றுவதால் மோட்டாரே டைனமோவாகிக் கொஞ்சம் சார்ஜும் ஏறும். அதனால் படகின் வேகம் சற்றுக் குறையும், இனாமாக எதுவும் வராது.

பிழைத்தவையும் புதியவையும்

பெட்ரோல் காலத்திலும் சாகாமல் பிழைத்த மின்சாரப் படகுகள் உண்டு. ஜெர்மனியின் பவேரியா மலைகளுக்கு நடுவே கோனிக்ஸ்ஸே என்ற ஏரி. அங்கே 1909 முதல் மின்சாரப் படகுகள்தான் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. நடு ஏரியில் படகை நிறுத்தி, படகோட்டி ஊதுகொம்பை எடுத்து ஊதுவார். எதிர் மலைப்பாறை அதைத் திருப்பி ஊதும். எஞ்சின் சத்தம் இருந்தால் அந்த எதிரொலி யாருக்குக் கேட்கும்? குறைந்த தூரம், ஒரே துறை, இரவில் கரையில் சார்ஜ். தேம்ஸில் இம்மிஷ் கண்ட அதே சூத்திரம்.

நம் பக்கத்துக்கு வருவோம். தூத்துக்குடித் தோணிகள் கொழும்புக்குப் பாய் விரித்தே போய்வந்ததை நம்மில் பலர் கண்ணால் கண்டிருக்கிறோம். பிறகு அவற்றில் டீசல் எஞ்சின் ஏறியது. 1980-களில் குமரி மாவட்டக் கரைகளில் யமஹா, சுசுகி அவுட்போர்டுகள் வந்தன. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். கை வலிக்கத் துடுப்புப் போட்டவர்களுக்கு அது பெரிய விடுதலை. கூடவே எண்ணெய்க் கடனும் வந்தது. காற்றுக்கு யாரும் பணம் கட்டியதில்லை.

மின்சாரம் நம் பக்கம் முதலில் வெற்றி கண்டது கடலில் அல்ல, காயலில். 1924-ல் பெரியார் போய்ச் சிறைப்பட்ட அதே வைக்கத்தில், 2017 ஜனவரியில், வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 'ஆதித்யா' என்ற சூரிய மின்படகு ஓடத் தொடங்கியது. கேரள நீர்ப்போக்குவரத்துத் துறையின் படகு. கொச்சியில் கட்டியது. 20 மீட்டர் நீளம், 75 பயணிகள். கூரை முழுக்க 20 கிலோவாட் சூரியத் தகடுகள். கட்டுமரம் என்ற நம் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன 'கேட்டமரான்' வகை, இரண்டு ஒல்லியான அடிப்பகுதிகள். அதனால் தண்ணீரைத் தள்ளும் பாடு குறைவு. ஒரு கடவு சுமார் 15 நிமிடம். 2020-ல் இந்தப் படகுக்குக் கிடைத்த சர்வதேச விருதின் பெயர் குஸ்தாவ் த்ரூவே விருது. சேன் நதியில் மோட்டாரைச் சுக்கானில் மாட்டிய அதே த்ரூவேதான். 2023 ஏப்ரலில் கொச்சியில் வாட்டர் மெட்ரோவும் தொடங்கிவிட்டது.

நார்வேயில் 2015-ல் வந்த 'ஆம்பியர்' என்ற படகு 120 கார்களை ஏற்றிக்கொண்டு கடற்கழியைக் கடக்கிறது. அதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. இரு கரையிலும் இருந்தவை சிறு கிராமங்கள், மின்பாதை பலவீனமானது. படகு வந்ததும் சில நிமிடத்தில் அவ்வளவு மின்சாரத்தை இழுத்தால் ஊர் விளக்கு மங்கிவிடும். அதனால் கரையிலேயே பேட்டரி வைத்து, படகு இல்லாத நேரத்தில் மெல்ல நிரப்பி, வந்ததும் ஊற்றிவிடுகிறார்கள். மேல்நிலைத் தொட்டி மாதிரி. மின்வாரியக்காரன் இதைப் படித்தால் கைதட்டாமல் இருக்க மாட்டான்.

மோட்டார் எங்கேயும் தோற்கவில்லை. நேவாவில் துத்தநாகச் செலவும், மற்ற இடங்களில் பேட்டரியின் எடையும் கரையில் சார்ஜ் இல்லாமையும்தான் அதைத் தோற்கடித்தன. கரையை முதலில் ஆயத்தம் செய்த இடங்களில் எல்லாம் படகு நிலைத்தது. மானியம் கொடுத்து மோட்டாரை மட்டும் வாங்கித் தலையில் கட்டிவிட்டு, கடற்கரையில் ஒரு மின்கம்பம்கூட நடாவிட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

நம் மாநிலத்தில் எங்கே தொடங்கலாம் என்று என்னைக் கேட்டால், உதகை, கொடைக்கானல் ஏரிகளும் பிச்சாவரமும் கண்ணுக்குத் தெரிகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாகக் கன்னியாகுமரி. கரையிலிருந்து விவேகானந்தர் பாறைக்குத் தூரம் அரை கிலோமீட்டர் அளவுதான். நாள் முழுக்க ஒரே வழி, ஒரே துறை, மாலையில் ஓய்வு. அலை உண்டு, உப்புக் காற்று உண்டு, எல்லா இணைப்பையும் அடிக்கடி பார்த்துத் துடைத்து வைக்க வேண்டும். ஆனால் 'வோல்டா' 1886-லேயே ஆங்கிலக் கால்வாயைக் கடந்துவிட்டதே. அங்கே பத்தாண்டு ஓட்டி, எது கெடுகிறது, எவ்வளவு செலவாகிறது என்று எழுதி வைத்தால், அந்தக் கணக்குதான் நாளை வள்ளக்காரருக்குப் போய்ச் சேர வேண்டிய உண்மையான மானியம். அதற்குள் பேட்டரியும் இன்னும் இளைக்கும்.

பாயிலிருந்து எஞ்சினுக்கு மாறிய காலத்தில் தோணியில் போனவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். முதல் எஞ்சின் ஏறியபோது யார் மகிழ்ந்தார்கள், யார் வேலை இழந்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அதை இப்போதே கேட்டு எழுதிவைத்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நானே வந்து கேட்டுக்கொள்கிறேன்.